காய்ச்சல் நின்ற பிறகு கால் ஏன் தள்ளாடுகிறது?



வயதான தாயார் ஒருவர் நிமோனியாவுடன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பத்து நாளில் காய்ச்சல் நின்று, மூச்சிரைப்பு குறைந்து, வீட்டுக்குப் போகிறார். ஆனால் நாற்காலியை விட்டுத் தானாக எழுந்திருக்க முடியவில்லை. "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்கிறார்கள் வீட்டார். வயது மட்டும் இதற்குக் காரணம் அல்ல.

காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குவதை எல்லாரும் அறிவோம். கிருமியோடு உடல் போராடும் விதம் அது, அழற்சி என்பார்கள். வேலை முடிந்ததும் அது அடங்கவேண்டும். முதுமையில் பலருக்கு முழுவதும் அடங்குவதில்லை. சாம்பலுக்கடியில் இருக்கும் கனல்போல உடலெங்கும் நீடிக்கிறது. சர்க்கரை நோய், வயிற்றுக் கொழுப்பு, புகைபிடித்தல், கவனிக்கப்படாத ஈறு நோய் ஆகியவை அதை வளர்க்கின்றன. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கூடும்போது தசையைக் கட்டும் வேலை மந்தமாகிறது, சிதைவு மிகுகிறது, பசியும் போய்விடுகிறது.

முதுமையில் தசை இப்படிக் கரைவதற்கு 1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்ற மருத்துவர் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். 'சார்க்ஸ்' என்றால் கிரேக்கத்தில் மாம்சம். நம் போதகர்களுக்குப் பழக்கமான சொல்தான்.

தசை நடப்பதற்கு மட்டும் அல்ல. நோயின்போது உடல் எடுத்துச் செலவழிக்கும் புரதச் சேமிப்பும் அதுவே. சளியை இருமி வெளியேற்றவும், தடுமாறும்போது விழாமல் நிற்கவும் அது வேண்டும். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி பலத்தை அளந்தார்கள். அது 5 கிலோ குறையக் குறைய, மரண ஆபத்து 16 சதவீதம் கூடியிருந்தது. கை பலவீனமே ஆளைக் கொன்றது என்று பொருளல்ல. முழு உடலின் நிலையை அது காட்டிக்கொடுக்கிறது.

இதில் படுக்கையும் சேர்ந்துகொள்கிறது. 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான முதியோர் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்துவிட்டது. நோயில்லாதவர்களுக்கே இப்படி! "அசையாமப் படுங்கம்மா" என்று நாம் அன்போடு சொல்வது எத்தனை பேரைப் படுக்கையிலேயே வைத்துவிட்டதோ.

மறுபக்கமும் உண்டு. 1990-ல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், 90 வயதை ஒட்டிய 10 பேருக்குக் கால்களால் எடை தூக்கும் பயிற்சி தொடங்கினார்கள். ஒன்பது பேர் எட்டு வாரமும் முடித்தார்கள். கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று. இருவர் கைத்தடியை விட்டே விட்டார்கள்.

ஆகவே முதியவரைப் பார்க்கப் போகும்போது ரொட்டிக்கும் பழத்துக்கும் பதிலாக அவித்த முட்டையோ, பயறுச் சுண்டலோ கொண்டுபோங்கள். (சிறுநீரக நோய் உள்ளவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.) எழுந்து உட்காரலாமா, நடக்கலாமா என்று நர்சிடம் கேளுங்கள். சரி என்றால் கையைப் பிடித்து வராந்தா வரை கூட்டிப் போங்கள். வீடு திரும்பியபின், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பன்னிரண்டு நொடிக்குமேல் ஆனால், அல்லது காரணமின்றி எடை குறைந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.