சாட்டிலைட் மெசேஜ் தொழில்: முதலில் பைட் கணக்கு

சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் தொழிலைச் சிறிய அளவில் நடத்த முடியுமா? வாலாஜாபாத்தில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் வந்த கேள்வி இது. செல்போன் சிக்னல் கிடைக்கும் நம் ஊரில் இதற்கு அவசியமில்லை. ஆனால் கடலுக்குள் சற்றுத் தூரம் போனாலே மீனவரின் செல்போனில் சிக்னல் இருக்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. ஒரு வரி மெசேஜ் அங்கே உயிர் காக்கும்.

எப்படி வேலை செய்கிறது?

உத்திரமேரூர் பஸ்ஸில் டிரைவரிடம் ஒரு கவரைக் கொடுத்தனுப்புகிறோம். பஸ் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒருவர் வாங்கிக்கொள்கிறார். தாழ்வாகச் சுற்றும் சிறிய சாட்டிலைட்டும் அப்படித்தான். தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் மெசேஜை வாங்கி மெமரியில் வைத்துக்கொள்ளும். தரை நிலையத்தைக் கடக்கும்போது இறக்கிவிடும். இதற்கு 'ஸ்டோர் அண்ட் ஃபார்வர்ட்' என்று பெயர். இந்த முறையைச் சோதிக்க அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ 'அனுசாட்', 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இதைத் தொழிலாக்கிய நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் 'ஸ்வார்ம்'. உள்ளங்கையில் அடங்கும் சாட்டிலைட்டுகளைக் கொண்டு, கருவி ஒன்றுக்கு மாதம் 5 டாலருக்கு 750 பாக்கெட்டுகள் தந்தது. ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 192 பைட்தான் போகும்.

192 பைட்டில் எவ்வளவு எழுதலாம்?

உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம்.

1. நோட்பேடைத் திறந்து, 'இன்ஜின் பழுது உதவி தேவை' என்று யூனிகோடு தமிழில் டைப் செய்யுங்கள். கடைசியில் என்டர் தட்ட வேண்டாம்.
2. சேவ் ஆஸ் கொடுங்கள். என்கோடிங் பெட்டியில் 'யுடிஎஃப்-8' இருக்கட்டும்.
3. ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' அல்ல, 'சைஸ்' என்பதைப் படியுங்கள்.

63 பைட் என்று காட்டும். (66 என்று வந்தால் உங்கள் விண்டோஸ் பழையது, தொடக்கத்தில் 3 பைட் அடையாளக் குறி சேர்க்கும்.) ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் 'இ'க்கு 3 பைட். 'ஜி'யில் ஜகரத்துக்கு 3, இகரக் குறிக்கு 3, ஆக 6.

இனி ஒரு குறியீட்டுப் பட்டியல் போடுங்கள். 01 என்றால் 'நலம்', 07 என்றால் 'இன்ஜின் பழுது உதவி தேவை'. படகு இருக்கும் இடத்தையும் சேர்த்து இப்படி அனுப்பலாம்:

07,12.6045,80.9120

மொத்தம் 18 பைட். இடம் சுமார் 11 மீட்டர் துல்லியத்தில் தெரியும். கரையில் உள்ள கம்ப்யூட்டர் 07ஐ மீண்டும் தமிழ் வாக்கியமாக்கிக் குடும்பத்துக்குக் காட்டும். சாட்டிலைட் வேறொருவருடையதாக இருக்கலாம். சுருக்கி விரித்துத் தரும் இந்த சாஃப்ட்வேர்தான் சிறு தொழில்முனைவோரின் சரக்கு.

லைசென்ஸ் கட்டாயம்

ஸ்வார்மின் முதல் 4 சாட்டிலைட்டுகள் 2018 ஜனவரி 12 அன்று நம் பி.எஸ்.எல்.வி.-சி40 ராக்கெட்டில்தான் போயின. ஆனால் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் அனுமதி இல்லை. அதே ஆண்டில் 9 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. 2021இல் அந்த நிறுவனத்தை ஸ்பேஸ்எக்ஸ் வாங்கிக்கொண்டது.

இந்தியாவிலும் கட்டுப்பாடு கடுமையானது. வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போனோ மெசேஜ் கருவியோ வாங்கி வந்து தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிப் பயன்படுத்தினால், கருவி பறிபோவதோடு வழக்கும் வரும். எனவே கருவி வாங்கும் முன், சேவை தருபவரிடம் இந்திய லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டியையும் கணக்கில் கொள்ளுங்கள். மீன்பிடிப் படகுகளுக்கு இருவழி மெசேஜ் தரும் டிரான்ஸ்பாண்டர் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. அரசே தரும் கருவியோடு விலையில் மோத முடியாது.

ஆகவே முதல் போடும் முன், யாருக்காகத் தொடங்குகிறீர்களோ அவர்களிடம் உட்கார்ந்து, அவசரத்தில் சொல்ல வேண்டிய 20 வாக்கியங்களைக் கேட்டு எழுதுங்கள். எக்ஸெலில் ஒரு பக்கம் எண், மறுபக்கம் வாக்கியம். இதற்குச் செலவு ஏதுமில்லை. தொழில் ஓடுமா ஓடாதா என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.