60 வயதுக்குப் பின் கிடைக்கும் ஓய்வு



தமிழ்நாட்டில் அரசு ஊழியர் பணி ஓய்வு பெறும் வயது 2021 முதல் 60. இந்த எண் ஹதீஸிலும் வருகிறது. ஒருவருக்கு 60 வயதுவரை ஆயுளை நீட்டிக் கொடுத்த பிறகு, அவர் சாக்குச் சொல்ல அல்லாஹ் இடம் வைக்கவில்லை என்பது நபி (ஸல்) அவர்கள் கூறியதன் கருத்து (புகாரி 6419). அலுவலகம் நம்மை அனுப்பி வைக்கும் அன்றே, 'நேரமில்லை ஹஜ்ரத்' என்று நாம் இத்தனை காலம் சொல்லிவந்த சாக்கும் முடிந்துபோகிறது.

ஆரோக்கியம், ஓய்வு என்ற இரண்டு அருட்கொடைகளில் மனிதர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்ற நபிமொழியை (புகாரி 6412) அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதில் வரும் 'மக்பூன்' என்பது வியாபாரச் சொல். நல்ல சரக்கை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு நிற்பவனைக் குறிக்கும். இப்போது உங்கள் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பத்திரிகை, டீக்கடை, செல்போன், லுஹருக்கு முன் ஒரு தூக்கம், இஷாவுக்குப் பின் மறுபடியும் செல்போன். டீக்கடைப் பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டினால் எந்தச் சகோதரனின் இறைச்சி அங்கே பரிமாறப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

வேலையோடு மதிப்பும் போய்விட்டதாகச் சிலர் வெதும்புகிறார்கள். 'சார்' என்று எழுந்து நின்றவர்கள் இப்போது கண்டுகொள்வதில்லை. அந்த வலியோடு பள்ளிவாசல் நிர்வாகத்தில் பதவி தேடுவோரும் உண்டு. அது அதற்கு மருந்தல்ல. வேறு சிலர் வீட்டுச் சமையலறைக்கே மேலதிகாரியாகிவிடுகிறார்கள். அந்த மனைவிக்கு எந்த வயதிலும் ஓய்வு ஆணை வந்ததில்லை என்பதை யோசிப்பதில்லை. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் கிளம்பிவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்தார்கள் (புகாரி 676). காய்கறி நறுக்கிக் கொடுப்பது சுன்னத்தான வழிமுறைக்கு வெளியே உள்ள காரியமல்ல.

அல்லாஹ் தன் தூதருக்கு இட்ட கட்டளை, ஒரு வேலையிலிருந்து விடுபட்டதும் அடுத்ததில் முயற்சி எடுக்க வேண்டும் என்பது (94:7). அப்படியானால் அடுத்தது எது?

குர்ஆனிலிருந்து தொடங்குங்கள். சிறுவயதில் மக்தபில் ஓதியதோடு நின்றுபோனவர்கள் நம்மில் ஏராளம். சரியாக ஓதத் தெரியாது என்பதை இந்த வயதில் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும். இமாமிடம் தனியாகச் சொல்லுங்கள். அஸருக்குப் பின் அரை மணி நேரம் போதும். நபித்தோழர்கள் முதிய வயதிலும் கல்வி கற்றார்கள் என்று இமாம் புகாரி தம் நூலின் கல்விப் பகுதியில் குறிப்பிடுகிறார். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற செய்தி முஸ்லிமில் இருக்கிறது.

கிராஜுவிட்டியும் வைப்பு நிதியும் கைக்கு வந்த வாரமே கடன்களை எழுதிவையுங்கள். ஜகாத் கணக்கை ஆலிமிடம் கேட்டு முடியுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ளவர், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது (புகாரி 2738). பிள்ளைகள் பிறகு நீதிமன்றத்தில் சந்தித்துக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

அப்புறம், உங்கள் கைத்திறமை. அது பணியோடு ஓய்வு பெறவில்லை. வங்கியில் இருந்தவரா? ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளித் திண்ணையில் உட்காருங்கள். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கும் தாய்மார்கள் உங்கள் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். ஆசிரியராக இருந்தவருக்கு, மஃரிபுக்குப் பின் கணக்கில் தடுமாறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் கிடைக்காமலா போவார்கள்?

இவற்றில் ஒன்றை முழங்கால் ஒத்துழைக்கும்போதே தொடங்குங்கள். ஏனெனில், ஒரு அடியான் நோயுற்றாலோ பயணம் சென்றாலோ, அவன் ஆரோக்கியத்துடன் ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல் அப்படியே அவனுக்கு எழுதப்படுகிறது (புகாரி 2996). ஆரோக்கியத்தில் செய்துவந்தது ஒன்று இருந்தால்தானே, படுக்கையில் கிடக்கும் நாட்களில் அதை மலக்குகள் எழுதுவார்கள்!