எதிரில் இருப்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

‘எந்தக் கிளையில் சேர்வது?’ என்று நீ எழுதி அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ரயிலில். இரண்டாம் முறை வீட்டில், கையில் பென்சிலோடு. ஒன்றரை வருடம் தோக்கியோவில் கெண்டோ சம்மேளனத்தின் 12 வாளுருவும் வடிவங்களைப் பழகிவிட்டாய். இனி பழைய எய்ஷின் மரபுக்குள் போகவேண்டும். தனிமுரா கிளையா, ஷிமோமுரா கிளையா என்று கேட்கிறாய். அந்தப் பன்னிரண்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உன் கட்டுரையில் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று, இரண்டு கிளைகளையும் ஒப்பிடும் அட்டவணையின் தலையில் நீ போட்டிருக்கும் ‘அசல்’, ‘மாற்றப்பட்டது’ என்ற இரண்டு சொற்கள். ஷிமோமுரா பக்கம் அசலாம். தனிமுரா பக்கம் ஓஏ மசமிச்சி கைவைத்து மாற்றியதாம். ஓஏ (1852–1927) வடிவங்களைத் திருத்தி வரிசைப்படுத்தியது உண்மைதான். ஆனால் அவர் முதலில் கற்றது ஷிமோமுரா கிளையில். பிறகுதான் எங்கள் தனிமுரா பக்கம் வந்து அதன் 17ஆம் தலைவரானார். மறுபக்கத்தைப் பார். நகயாமா ஹகுதோ ஹொசொகாவா யோஷிமசாவிடம் ஷிமோமுரா வழியைக் கற்றார். மொரிமொட்டோ தொகுமியிடம் தனிமுரா வழியையும் கற்றார். ஷிமோமுரா என்ற பெயரில் நீ அசல் என்று முத்திரை குத்தியிருக்கும் முசோ ஷிந்தென் ரியூ அவர் கை வழியாகத்தான் உன்னிடம் வருகிறது.

இன்னும் பின்னால் போ. எந்தக் கிளையில் சேர்ந்தாலும் முதலில் உனக்குத் தரப்போவது மண்டியிட்டு அமர்ந்து செய்யும் ஓமோரி வடிவங்களை. அவை ஓமோரி ரொகுரோசாஎமோன் அமைத்தவை. மரபின் நிறுவனர் ஹயாஷிசாகி ஜின்சுகேயிடமிருந்து இறங்கி வந்தவை அல்ல. தோசா நாட்டில் எய்ஷின் மரபோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. 11ஆம் தலைமுறைக்குப் பின் கிளை பிரிந்தபோது இரண்டு பக்கமும் இந்த ஒட்டைச் சுமந்துகொண்டுதான் போயின. ஒட்டுமாமரத்தின் கீழ் நின்றுகொண்டு எந்தக் கிளை நாட்டுமரம் என்று நீ தேடுகிறாய். அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிடு. அவற்றை வைத்து முடிவெடுத்தால், சேர்ந்த இடத்தில் ஆசிரியர் ஒரு திருத்தம் சொல்லும்போதெல்லாம் ‘இது பழையதா, புதிதா’ என்றே உன் மனம் ஓடும், கை கற்காது.

இரண்டாவது குறைதான் பெரியது. வாளை உறையிலிடும் நோத்தோவைப் பற்றி ‘நோத்தோ: தனிமுராவில் வேகம், ஷிமோமுராவில் நிதானம்’ என்று ஒரு வரி எழுதி, வேகம் உன்னைக் கவர்ந்ததாகவும் சொல்லியிருக்கிறாய். என் இடது கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தழும்பு இருக்கிறது. கண்ணாடியில் என் நோத்தோவைப் பார்த்து ரசித்தபடி வாளை உறையிலிட்ட நாளில் வந்தது. வாளை எவ்வளவு வேகமாக உறையிலிடலாம் என்பதை, கீழே கிடப்பவர் இன்னும் அசைகிறாரா என்பதுதான் முடிவு செய்யவேண்டும். உன் கட்டுரையின் ஒன்பது பக்கங்களில் அந்த ஆள் எங்கேயும் இல்லை. முழங்கால் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, பாவாடை போன்ற ஹகாமாவின் மடிப்புகூட இருக்கிறது. எதிரில் இருப்பவர் இல்லை. கற்பனை எதிரியைக் குறிக்கும் கசோ தெகி என்ற சொல்லை நூறு முறையாவது கேட்டிருப்பாய். ஒரு தடவைகூட எழுதவில்லை.

அவர் இல்லாததால் உன் அட்டவணையில் என்ன தவறிப்போயிருக்கிறது தெரியுமா? ‘அமர்ந்த வடிவங்கள்: 11 / 12’ என்று இரண்டு எண்கள் போட்டிருக்கிறாய். அந்த அதிகப்படி ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்கவே இல்லை. நான் சொல்கிறேன். ஐந்தாவது வடிவத்தை எடுத்துக்கொள். எங்களுக்கு யாயேகாகி, அவர்களுக்கு இன்யோ ஷிந்தாய். எதிரில் அமர்ந்தவர் முதல் வெட்டுக்குத் தப்பிப் பின்வாங்குகிறார். எழுந்து நெருங்கி மேலிருந்து வெட்டுகிறோம். அதுவரை பேதமில்லை. வாளை உறையிலிடும் நேரத்தில் வழி பிரிகிறது. நான் கற்ற யாயேகாகியில் விழுந்தவர் சாகவில்லை. கிடந்தபடியே என் கணைக்காலை வெட்டுகிறார். காலைப் பின்னிழுத்து, வாளால் கணைக்காலை மறைத்துத் தடுத்து, பிறகு முடிக்கவேண்டும். முசோ ஷிந்தெனில் முதல் ஆள் முடிந்துவிட்டார். இன்னொருவர் வருகிறார்; மறுபடி வாளை உருவவேண்டும். கணைக்காலுக்கு வெட்டு வரும் காட்சியை அவர்கள் மாற்று வடிவமாகத் தனியே வைத்துக்கொண்டார்கள். அதுதான் அந்த அதிகப்படி ஒன்று.

இது எண்ணிக்கைச் சமாசாரமா? ஒரு கிளை ‘விழுந்தவனை நம்பாதே’ என்று அந்த இடத்தில் சொல்கிறது. மற்றது ‘முடிந்தது என்று நினைக்காதே, இன்னொருவன் இருக்கிறான்’ என்கிறது. பார்வை வேறு, மூச்சு வேறு, நோத்தோவில் எடை வைக்கும் கால் வேறு. நீ வேகம், நிதானம் என்று எழுதியதற்கெல்லாம் வேர் இங்கே இருக்கிறது.

எனக்கு இது புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஒசாகாவில் மாநகராட்சி விளையாட்டரங்கு ஒன்றின் மரத்தளத்தில் பழகிய காலம். ஜனவரியில் அந்தத் தரை பாதத்தை எரிக்கிற மாதிரி குளிரும். மூன்று வருடம் முடிந்திருந்தது. என் முதல் வெட்டு அழகாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒரு மாலை ஆசிரியர் வந்து என் முன்னால், முழங்காலுக்கு முழங்கால் அமர்ந்தார். என் வாளை வாங்கி வைத்துவிட்டு மரவாளைக் கொடுத்தார். “வெட்டு” என்றார். வெட்டினேன். அவர் அசையவில்லை. மரவாளின் நுனி அவர் மார்புக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் போனது. மூன்று வருடமாக நான் யாரையும் வெட்டவில்லை.

அன்றைக்கு அதோடு விடவில்லை. யாயேகாகி செய்யச் சொன்னார். துடைப்பக் கழியை எடுத்துக்கொண்டு தரையில் சாய்ந்து படுத்துக்கொண்டார், அந்த வயதில், அந்தக் குளிரில். நான் வாளை உறையிலிடும்போதெல்லாம் கழி என் கணைக்காலைத் தொட்டது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எட்டு மணிக்கு அரங்கை மூட ஆள் வந்து நின்றபோதுதான் ஒரு தடவை கழி வாளில் தட்டியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் பார்ப்பவர்களிடமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், உன்னிடமும் கேட்கிறேன்: நீ போய்ப் பார்த்த தோஜோக்களில் (பயிற்சிக்கூடங்களில்) இருவர் சேர்ந்து செய்யும் வடிவங்கள் உண்டா? அந்த இருவர் வடிவங்களின் தொகுப்பான தாச்சி உச்சி நோ குராய் அங்கே உயிரோடு இருக்கிறதா, அல்லது வருடத்துக்கு ஒருமுறை விழாவுக்கு முன் தூசி தட்டி எடுக்கிறார்களா? இரண்டு கிளைகளிலும் அது உண்டு. இரண்டு கிளைகளிலும் அதைக் கைவிட்ட இடங்களும் உண்டு. எதிரே ஒரு உடம்பு நிற்காமல் இருபது வருடம் வாளுருவினால் தூரம் என்பது மறந்துபோகும். தேர்வில் தேறலாம், பட்டம் வாங்கலாம். வாள் யாரையும் எட்டாது. மற்ற எதையும் விட்டுக்கொடுப்பேன், இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கைஷாகு வடிவத்தில் எதிரி கிடையாதே என்று நீ கேட்கலாம். எதிரி இல்லை, ஆனால் மனிதர் இருக்கிறார். வயிற்றைக் கிழித்துக்கொண்டவரின் வேதனையை முடித்துவைக்க நாம் நிற்கிறோம். அதை விழாக்களில் செய்துகாட்டாத வழக்கம் அந்த மனிதரை மதித்து வந்தது.

இனி உன் ஏழாவது பக்கம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். முசோ ஷிந்தென் தோஜோவில் நீ பார்த்த அந்த எழுபது வயது அம்மாளைப் பற்றி ஆறு வரி எழுதியிருக்கிறாய். முழங்கால் மடங்காததால் எல்லா வடிவத்தையும் நின்றுகொண்டே செய்தார். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அவர் கண் தரையில் ஒரே இடத்தில் போய் நின்றது. வாள் உறைக்குள் முழுதாகப் போகும்வரை அங்கிருந்து நகரவில்லை. அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து திரும்பினார் என்று எழுதியிருக்கிறாய். தம்பி, இந்த மரபைப் பற்றித் தமிழில் இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. நாற்பது வருடம் பழகிய நான் எழுதியிருக்கவேண்டிய வரிகள் அவை. சுற்றி நடந்தார் என்பதைப் பார்க்க எவ்வளவு நல்ல கண் வேண்டும்! பார்த்தும்விட்டாய், எழுதியும்விட்டாய். அடுத்த பக்கத்திலேயே அட்டவணை போட்டு அவரை ‘வயதான மாணவர்கள்: அதிகம்’ என்ற கட்டத்துக்குள் அடைத்துவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் தனிமுரா வழியில் வந்தவன். என் ஆசிரியரின் வழியில் நீயும் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. இருந்தாலும் நீ அந்த அம்மாள் இருக்கும் இடத்துக்கே போ. சேர்ந்த பிறகு பத்து வருடத்துக்கு எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காதே. வேலை மாறி ஊர் மாறியபோது நான் இரண்டு வருடம் இரண்டையும் சேர்த்துச் செய்துபார்த்தேன், கைக்கு இரண்டு பழக்கம் வந்து ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

போனதும் கிளையைப் பற்றி யாரிடமும் கேட்காதே. அந்த அம்மாள் பயிற்சி முடிந்து வாளைத் துடைக்கும்போது பக்கத்தில் போய் உட்கார். இன்யோ ஷிந்தாயில் இரண்டாவது ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், எவ்வளவு தூரத்தில் அவரை முதலில் பார்க்கிறீர்கள் என்று கேள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுது. நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒசாகாவில் பழகிய உன் அண்ணன்