சாலை காக்கும் பணி

பண்டைக்காலத்தில் உப்பு வாணிகம் செய்தோர் உமணர் எனப்பட்டனர். அவர்கள் உப்பேற்றிய வண்டிகளுடன் மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழிகளிற் செல்வர். இடைவழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்னரே எண்ணி, மற்றோர் அச்சினையும் வண்டியின் அடியிற் கட்டிச் செல்வர். அதற்குச் சேமவச்சு என்பது பெயர். ஔவையார், அதியமான் மகனாகிய பொகுட்டெழினிக்கு இதனையே உவமையாகக் கூறினார் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். இடர் வந்தபின் வருந்துவதினும் வருமுன் எண்ணிக் காத்தலே அறிவுடைமையாகும்.

இந்நாளில் வண்டிகள் மாறின, வழிகளும் மாறின, இடரோ பன்மடங்கு பெருகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் விபத்துகள் மிகுதியாக நேர்ந்த மாநிலம் நம் தமிழ்நாடே. இங்கு மாண்டோர் 17,884 பேர். இவர்களுள் ஒவ்வொருவரையும் எதிர்பார்த்து ஒரு வீட்டின் வாயிற்கதவு திறந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

விபத்துக்குரிய காரணங்கள் மூன்று இடங்களிற் பிறக்கின்றன. சாலை ஒன்று, ஊர்தி ஒன்று, ஓட்டுபவர் ஒன்று. இம்மூன்றனையும் காத்தற்கு அரசுப் பணிகளும் மூவகையாக அமைந்துள்ளன. சாலையைத் திட்டமிட்டு அமைத்துப் பேணுபவர் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர். ஊர்தி ஓடுதற்குத் தக்கதா என்று ஆய்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஓட்டுவோரை நெறிப்படுத்துபவர் காவல்துறையினர்.

இப்பணிகளுக்குத் தகுதி பெறும் வழி யாது? பத்தாம் வகுப்பு முடித்தபின் பல்தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து மூன்றாண்டில் பட்டயம் பெறலாம். அல்லது மேனிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பயின்று, பின்னர் நான்காண்டுப் பொறியியற் பட்டம் பெறலாம். பட்டயம் பெற்றோர் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேர்தலும் கூடும். கட்டடப் பொறியியலிற் பட்டம் பெற்றவர் நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் பணிக்கும், தானியங்கிப் பொறியியலிலோ இயந்திரப் பொறியியலிலோ பட்டயம் பெற்று ஓட்டுநர் உரிமமும் உடையவர் வாகன ஆய்வாளர் பணிக்கும் முயலலாம். இவ்விரு பணிகளுக்கும் தேர்வு நடத்துவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். காவல் சார்பு ஆய்வாளர் பணிக்குப் பட்டப்படிப்போடு உடல்வலிமையும் வேண்டும். அத்தேர்வினைச் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்துகிறது.

தேர்வாணையத்தின் தேர்விலே தமிழ்த் தகுதித் தாளும் ஒன்று உண்டு. அதில் 40 விழுக்காடேனும் பெறாதவருடைய பிற தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை. பொறியாளருக்குத் தமிழ் எதற்கு என்று சிலர் வினவுவர். சாலையோரத்து ஊர்மக்கள் தம் குறையைத் தமிழிலேதான் கூறுவர். அதனைக் கேட்டுணராத அலுவலர் எவ்வாறு அவர்களைக் காப்பார்?

இனி, கணிதம் உயிர் காக்குமாற்றைக் காண்போம். ஓட்டுநர் ஓர் இடரைக் கண்டவுடன் ஊர்தி நின்றுவிடுவதில்லை. கண்டதை உணர்ந்து தடையை அழுத்தச் சிறிது காலம் கழிகிறது. அழுத்திய பின்னரும் ஊர்தி சிறிது தொலைவு ஓடியே நிற்கிறது. 1934இல் நிறுவப்பெற்ற இந்தியச் சாலைப் பேராயம், உணர்ந்து செயற்படுங் காலத்தை 2.5 நொடி எனக் கொண்டு இத்தொலைவை வகுத்துள்ளது. மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் ஊர்திக்கு 45 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டர் விரைவாயின் 120 மீட்டர் வேண்டும். விரைவு இருமடங்காயிற்று, வேண்டுந் தொலைவோ அதனினும் மிகுந்தது. தடையை அழுத்திய பின் ஓடுந் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காதலே இதற்குக் காரணம்.

மாணவர்களே! ஒரு சாலை வளைவினை மனத்தில் எண்ணிப் பாருங்கள். வளைவுக்கு அப்பால் ஒரு பள்ளியின் வாயில் உள்ளது. இடையே ஒரு மதில் பார்வையை மறைக்கிறது. 80 கிலோமீட்டர் விரைவில் வரும் ஓட்டுநருக்கு முன்னே 80 மீட்டர் சாலைதான் தெரிகிறது. நிற்பதற்கோ 120 மீட்டர் வேண்டும். குறைகின்ற அந்த 40 மீட்டரிலேதான் இறப்பு ஒளிந்திருக்கிறது. ஓட்டுநர் நல்லவராயினும், ஊர்தி புதியதாயினும், அவ்விடம் தீயதேயாகும். தேர்ந்த பொறியாளர் மறைப்பினை அகற்றுவார். இயலாதெனின் வளைவைத் திருத்துவார். அதுவும் இயலாதெனின் விரைவைக் கட்டுப்படுத்த வழிசெய்வார். சாலை அமைப்பதற்கு முன்னரே, வரைபடத்திலேயே இத்தகைய குறைகளைத் தேடிக் காண்பதற்குச் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று பெயர். அதுவே இக்காலத்துச் சேமவச்சு.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பெற்றது. சாலையை வகுப்போரும் அமைப்போரும் பேணுவோரும் உரிய பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடியாமையால் ஒருவர் இறக்கவோ ஊனமுறவோ நேரின், பொறுப்புடையார்க்கு ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டம் விதிக்க அத்திருத்தம் இடந்தருகிறது. எனினும் தண்டத்திற்கு அஞ்சிச் செய்யும் பணி சிறந்த பணியாகாது. காணாமலே கண்டதாக இடும் ஒரு கையொப்பம், முன்பின் அறியாத ஒருவரின் உயிரை வாங்கக்கூடும் என்று அஞ்சுதலே உண்மையான அச்சம்.

தேர்வில் வென்றவர் பணிக்குரிய ஆணையைப் பெறுவர். அதனால் மட்டும் தகுதி நிரம்பிவிடாது. நோய் தீர்த்த மருத்துவரை மக்கள் வாழ்த்துவர். தீயிலிருந்து மீட்டவரைப் போற்றுவர். நேராமற்போன விபத்துக்காக யாரும் யாருக்கும் நன்றி கூறுவதில்லை. காப்பாற்றப்பட்டவர்க்கே தாம் காப்பாற்றப்பட்டது தெரியாது. சேமவச்சும் வண்டியின் அடியிலே கண்ணுக்குப் புலப்படாமற் கிடப்பதுதானே? புகழ் வாராதெனத் தெரிந்தும் ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு தடையையும் ஐயமற ஆய்கின்ற உள்ளமே இப்பணிக்குரிய முதல் தகுதியாகும். அதனை எக்கல்லூரியும் பட்டயமாக வழங்க இயலாது. நீங்களே இப்பருவத்திற் பழகிப் பெறுதல் வேண்டும்.