சுவரை மட்டும் நம்பாதே

அன்புள்ள மலர்விழிக்கு,

விந்தக அழற்சிதான் ஆய்வுத் தலைப்பு, அதை ஊரில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். ஆண்களின் குழந்தையின்மை பற்றிய ஆராய்ச்சி என்று சொல்; அத்தைமார் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். என் கவலை வேறு.

பாடநூல் கதையை அப்படியே நம்பி ஆய்வகத்துக்குள் போகாதே. விந்தணு உருவாவது பருவ வயதில்; நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் தம் உடம்பு எது என்று அறியத் தொடங்குவதோ பிறப்பதற்கு முன்பே. ஆகவே விந்தணு அவற்றுக்கு அந்நியம், விந்தகத்தின் நுண்குழல்களில் செர்டோலி செல்கள் எழுப்பிய சுவர்தான் அதைக் காக்கிறது என்பார்கள். பாதிதான் சரி. விந்தணுப் புரதங்களில் சில அன்றாடம் அந்தச் சுவரைத் தாண்டி வெளியே வருகின்றன என்று 2017இல் கென்னத் டங் குழு சுண்டெலிகளில் காட்டியது. அந்தப் புரதங்களின் மேல் மற்ற டி செல்கள் பாயாமல் தடுப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இந்த ஒழுங்குபடுத்தும் செல்களைத் தற்காலிகமாக அகற்றினாலே போதும், விந்தகம் அழற்சியில் மாட்டிக்கொள்கிறது.

அழற்சியை வரவழைக்க உன் எலிகளுக்குப் போடப்போகும் ஊசிக்கு மூலம் ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் 1953இல் கினிப்பன்றிகளில் செய்தது: விந்தகத் திசு, எண்ணெய், கொல்லப்பட்ட காசநோய்க் கிருமி. அப்படிச் சீண்டிய பிறகு நடப்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். விந்தகத்தில் முன்பே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் பெரும்பாலும் சாந்தமானவை. டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களை ஒட்டியே இருப்பவை. சிசிஎல்2 என்ற அழைப்பைக் கேட்டு ரத்தத்திலிருந்து வரும் மோனோசைட்டுகள் அப்படியல்ல. அவை மேக்ரோஃபேஜ்களாக மாறி டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதங்களைக் கொட்ட, நுண்குழலுக்குள் வளரும் விந்து செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. அழற்சியைத் தூண்டும் டிஎச்1, டிஎச்17 வகை டி செல்களும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. முன்பே குடியிருந்தவை, ரத்தத்திலிருந்து வந்தவை என்ற இரண்டு கூட்டத்தையும் ‘மேக்ரோஃபேஜ்’ என்று ஒரே எண்ணிக்கையில் அடைத்தால் உன் அட்டவணை எதையும் சொல்லாது.

இன்னொரு விசித்திரம்: அழற்சி கண்ட விந்தகத்தில் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் கூடத்தான் செய்கின்றன, ஆனாலும் நோய் நிற்பதில்லை. கூட்டத்தில் இருந்தவனையெல்லாம் குற்றவாளி என்று எழுதிவிடாதே.

குழந்தையில்லாத ஆண்கள் சிலரின் திசுத் துண்டுகளிலும் நுண்குழல்களைச் சுற்றி லிம்போசைட்டுகள் தென்படுகின்றன. அதை வைத்து எலியிலிருந்து மனிதனுக்குத் தாவ ஆசை வரும். அவர்களுக்கு யாரும் ஊசி போடவில்லை. தொடக்கம் வேறாக இருக்கலாம்.

செல்களைப் பிரித்து எண்ணுவதற்கு முன் திசுவைக் கண்ணாடித் தகட்டில் பார்த்துவிடு. எந்த செல் எங்கே நிற்கிறது, ஊசி போட்டு எத்தனையாவது நாள் என்பதைப் படத்தின் ஓரத்திலேயே குறி. முதல் படங்கள் தெளிவில்லாவிட்டாலும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா