ஆய்வாளருக்குச் சொல்வன்மை

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் மகனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டே அம்மா கேட்கிறாள்: "ஏம்ப்பா, அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்றே?" மகன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்கிறான்: "அதெல்லாம் சொன்னாப் புரியாதும்மா."

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் கேட்கும் உரையாடல் இது. அம்மாவும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. 'நமக்குப் புரியாத அளவுக்குப் பிள்ளை படிக்கிறான்' என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். ஆறு மாதம் கழித்து அதே மகன் ஆய்வுக் குழுவின் முன் நிற்கிறான். பேராசிரியர்கள் நான்கைந்து பேர். பேச இருபது நிமிடம். அவன் பேசி முடித்ததும் ஒருவர் கேட்கிறார்: "எல்லாம் சரி, இதில் நீங்கள் புதிதாகக் கண்டது என்ன?" விடை அவனுக்குத் தெரியும். இரண்டாண்டு இரவும் பகலும் உழைத்துக் கண்ட விடை. ஆனால் வாயில் வரவில்லை. இளநிலை ஆய்வாளர் முதுநிலை ஆய்வாளராக உயர்வதும், உதவித்தொகை கூடுவதும் அந்த இருபது நிமிடத்தைப் பொறுத்திருக்கலாம். வீட்டில் சொல்லிப் பழகாததை அவையில் திடீரென்று சொல்ல முடியுமா?

பேச்சுத் திறமை பிறவியில் வருவது, விஞ்ஞானிக்கு அது தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் தவறு. திருவள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களைத் தனித்தனியே வைத்திருக்கிறார். அமைச்சருக்காகச் சொன்ன அந்த மூன்றும் இன்றைய இளம் ஆய்வாளருக்கும் வேண்டியவையே. மூன்று விஞ்ஞானிகளின் வாழ்க்கையைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சொல்வன்மை: சுருக்கமாகவும் காலத்தோடும்

சர் சி.வி. இராமன் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை 1906ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 18. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். மறு ஆண்டு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். பகலில் அலுவலகம், காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு. அந்த நாட்களிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. சிறு முடிவானாலும் சிறு குறிப்பாக எழுதி அனுப்பிவிடுவார்.

இருபதாண்டுகள் பழகிய இந்தப் பழக்கம் 1928இல் கைகொடுத்தது. பிப்ரவரி 28 அன்று, கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து செய்துவந்த ஒளிச்சிதறல் ஆய்வில் இராமன் விளைவு உறுதியாயிற்று. மறுநாளே செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. மார்ச் 16 அன்று பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தில் அதைப் பற்றி விரிவாக உரையாற்றினார். அந்த உரை உடனே அச்சாகி, அதன் படிகள் உலகெங்கும் உள்ள விஞ்ஞானிகளுக்கு அஞ்சலில் சென்றன. ஏறத்தாழ அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். அவர்கள் கட்டுரை வெளிவர அந்த ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. 1930இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. பரிசுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கண்டதைத் தாமதமின்றி, தெளிவாக, உரியவர் கையில் சேர்த்தது அவருக்குத் துணை நின்றது என்பதில் ஐயமில்லை.

அவர் சோதனையைச் சொல்லிய விதத்தையும் கவனியுங்கள். சூரிய ஒளியின் பாதையில் நீல-ஊதா நிறக் கண்ணாடி ஒன்றை வைக்கிறோம். அந்த ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறுகிறது. சிதறி வரும் ஒளியை, நீல-ஊதாவை முற்றும் தடுக்கும் மஞ்சள்-பச்சைக் கண்ணாடி வழியே பார்க்கிறோம். இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒளி தெரிகிறது! அப்படியானால் திரவத்தில் பட்ட ஒளியில் ஒரு பகுதி நிறம் மாறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் புரியும் இந்த விளக்கத்தில் அறிவியல் எள்ளளவும் குறையவில்லை.

இளம் ஆய்வாளர் எழுதும்போது நான்கு கேள்விகளைக் காகிதத்தின் தலைப்பில் குறித்துக்கொள்ளட்டும்: கேள்வி என்ன? அதற்காக என்ன செய்தேன்? என்ன கண்டேன்? அதனால் என்ன? ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாக்கியம். எட்டு வாக்கியங்கள் சேர்ந்தால் கட்டுரைச் சுருக்கம் ஆயிற்று. நான்காம் கேள்விக்கு விடை வரவில்லை என்றால், குறை மொழியில் இல்லை. ஆய்வைப் பற்றி இன்னும் சிந்திக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். எழுத்து நமக்குச் செய்யும் பெரிய உதவியே இதுதான்.

2. அவையறிதல்: கேட்பவர் யார்?

மைக்கேல் ஃபாரடே 1791இல் லண்டன் அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப்படிப்பு சொற்பம். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். 1812இல், கடைக்கு வந்துபோன ஒருவர் தயவால் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தது. கேட்டவற்றையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. பிறர் பேச்சைக் கவனமாகக் கேட்டு எழுதிய நோட்டுப் புத்தகமே அவருக்கு வேலைக்கான மனுவாக அமைந்தது.

வேலையில் சேர்ந்த ஆண்டே அவர் தம் நண்பர் ஆபட்டுக்குத் தொடர்ச்சியாகக் கடிதங்கள் எழுதினார். அவற்றில் ஒரு சொற்பொழிவு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்கிறார்: அறையில் காற்றோட்டம், கருவிகளை வைக்கும் இடம், பேசுபவர் நிற்கும் முறை, அவையோர் எவ்வளவு நேரம் கவனிப்பார்கள் என்பது வரை. ஒரு மணி நேரத்துக்கு மேல் எவரும் பேசலாகாது என்பது அவர் முடிவு. அப்போது அவருக்கு வயது 21தான். தாம் பேசுவதற்கு முன்பே பிறர் பேசுவதைப் பாடமாகப் படித்தார். பின்னர் பேச்சுக்கலை ஆசிரியரிடம் முறையாகப் பயின்றார். வேகமாகப் பேசிவிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. அதனால் 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைத் தம் முன் வைத்துக்கொள்வார். அதை மறந்து வேகம் கூடினால், உதவியாளர் அட்டையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இத்தகைய பயிற்சியால்தான் அவர் தம் காலத்தின் தலைசிறந்த சொற்பொழிவாளர் ஆனார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் விடுமுறைச் சொற்பொழிவுகள் 1825இல் அங்கே தொடங்கின. ஒரு மெழுகுவர்த்தி எரிவதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சிறுவர்களுக்கு நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகள் நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன. அறிஞர்கள் அவையில் மின்காந்தம் பேசியவர், குழந்தைகள் அவையில் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டார். இதுவே அவையறிதல்.

இந்தக் கலையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ வங்காளியோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். காய்கறிக்காரரிடம் ஒரு மொழி, பாட்டியிடம் ஒரு மொழி என்று நொடியில் மாற்றிப் பேசுகிறார்கள். கேட்பவரைப் பார்த்துப் பேச்சை மாற்றும் பயிற்சி ஐந்து வயதிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. அதை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோனால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. காசநோய்க் கிருமியை ஆராயும் மாணவி தன் தலைப்பை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தால் அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது. இப்படிச் சொல்லலாம்: "காசநோய்க்கு மாதக்கணக்கா மாத்திரை சாப்பிடச் சொல்றாங்க இல்லம்மா? நிறையக் கிருமி முதல்லயே செத்துடும். ஆனா கொஞ்சம் கிருமி தூங்கற மாதிரி அடங்கிக் கிடக்கும். மருந்து அதை ஒண்ணும் பண்ணாது. அது எப்படித் தப்பிக்குதுன்னு பாக்கறேன். அது தெரிஞ்சா மாத்திரை சாப்பிடற காலத்தைக் குறைக்கலாம்." இதையே ஆங்கிலத்தில் சொன்னால் ஆய்வுக் குழுவின் முன் பேசும் முதல் பத்தி தயார். குழுவில் இருக்கும் ஐவரில் மூவர் வேறு துறையினராக இருக்கக்கூடும். அவர்களுக்கும் அம்மாவுக்கும் தேவையான தொடக்கம் ஒன்றுதான்.

3. அவையஞ்சாமை: எதிர்ப்பு வரும்போது

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். 24 வயதான சுப்பிரமணியன் சந்திரசேகர் பேசுகிறார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் இருந்தால் வெண்குள்ளனாக நிலைபெற முடியாது என்று கணக்கிட்டுக் காட்டுகிறார். அவரை அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியல் உலகின் பெரும்புள்ளி. இளைஞரின் முடிவு இயற்கைக்கே ஒவ்வாதது என்று எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. கணக்கில் பிழை இல்லை என்று அறிந்த பெரியவர்களும் வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை.

சந்திரசேகர் என்ன செய்தார்? கத்தவில்லை, ஓடி ஒளியவும் இல்லை. தம் கணக்கை முழுமையாக எழுதி வெளியிட்டார். விண்மீன்களின் அமைப்பைப் பற்றி 1939இல் ஒரு நூலே எழுதி, தம் வாதத்தை எவரும் வரிவரியாகச் சரிபார்க்கும்படி வைத்தார். பிறகு அடுத்த துறைக்குச் சென்றார். எடிங்டனோடு கொண்ட நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது. அவர் கண்ட எல்லை இன்று 'சந்திரசேகர் எல்லை' என்றே வழங்குகிறது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை.

எல்லாருக்கும் நோபல் வராது. ஆனால் எல்லாருக்கும் ஓர் எடிங்டன் வருவார். அந்த நேரத்துக்குச் சில பயிற்சிகள் உதவும். கேள்வியை முழுதும் கேளுங்கள், பாதியில் வெட்டாதீர்கள். "தாங்கள் கேட்பது இதுதானே?" என்று உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அதற்குள் மனம் நிலைக்கு வந்துவிடும். தெரிந்தால் சுருக்கமாகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, பிறகு உண்மையிலேயே பார்த்துச் சொல்லுங்கள். தெரியாததை மறைக்க வளைத்துப் பேசுவதே அவையில் மதிப்பைக் குறைக்கும். ஆங்கில உச்சரிப்பில் நம் ஊர் வாடை வீசுகிறதே என்று கூசவேண்டாம். மெதுவாகவும் திருத்தமாகவும் பேசினால் உச்சரிப்பு தடையாகாது.

வாராந்தரப் பயிற்சி

திங்கள்: அந்த வாரம் படித்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை, மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கு விடையாக எட்டு வாக்கியத்தில் எழுதுங்கள்.

புதன்: செமினாரில் ஒரு கேள்வியாவது எழுந்து கேளுங்கள். கேட்கப் பழகியவருக்குப் பதில் சொல்வதும் எளிது.

வெள்ளி: உங்கள் ஆய்வை மூன்று நிமிடம் பேசிச் செல்பேசியில் பதிவு செய்து, நீங்களே கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் இதை ஒரு போட்டியாகவே தொடங்கியது: மூன்று நிமிடம், ஒரே ஒரு படம். அது பல நாடுகளுக்கும் பரவியது. நம் நாட்டிலும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, ஆய்வு மாணவர்கள் தம் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும் கட்டுரையாக எழுத ஊக்குவிக்கும் 'அவ்ஸார்' என்ற பரிசுத் திட்டத்தை 2018இல் தொடங்கியது.

ஞாயிறு: வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லுங்கள். விடுதியில் இருந்தால் தொலைபேசியில் சொல்லுங்கள். கலைச்சொல்லுக்குத் தமிழ் கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை அப்படியே வைத்து, அது என்ன செய்கிறது என்று விளக்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு ஆள் வேண்டும். அது நீங்கள்தான். "நமக்கெங்கே புரியப்போகிறது" என்று எழுந்து போய்விடாதீர்கள். புரியாத இடத்தில் "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை சலித்துக்கொண்டால் இன்னொரு முறை கேளுங்கள். வழிகாட்டிப் பேராசிரியருக்கு நேரம் இருக்காது. உடன் படிப்பவருக்கு எல்லாம் முன்பே தெரியும். ஒன்றும் தெரியாமல், அக்கறையோடு கேட்கும் ஒருவர் ஆய்வாளருக்குக் கிடைப்பது அரிது.

அடுத்த விடுமுறையில் அம்மா கேட்கும்போது, "சொன்னாப் புரியாதும்மா" என்பதற்குப் பதிலாக, "உக்காரும்மா, சொல்றேன்" என்று நம் பிள்ளைகள் சொல்லட்டும். இருபது நிமிட அவைக்கான ஒத்திகை அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கிவிடும்.