நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஓர் ஆயா போதாது

குழந்தைகள் காப்பகம் தொடங்க நினைப்பவர்களிடையே ஒரு கணக்கு புழங்குகிறது. தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று எங்கே கேட்டாலும் அதே கணக்குதான்: "முப்பது பிள்ளை சேர்ந்தால் போதும். ஒரு டீச்சர், ஓர் ஆயா. மிச்சமெல்லாம் லாபம்." சம்பளச் செலவைக் குறைப்பதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது என்று இதைச் சொல்பவர்கள் நம்புகிறார்கள். எத்தனை முறை மறுத்தாலும் இந்தக் கணக்கு சாவதில்லை. காப்பகத் தொழிலைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் இதுவே மிக மோசமானது. பிள்ளைக்கும் கேடு, முதல் போட்டவருக்கும் கேடு.

மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றை எடுத்துக்கொண்டாலே கணக்கு உடைந்துவிடும். ஒரு வயதுப் பிள்ளைக்குக் குழைந்த பருப்புச் சோறு ஊட்டி முடிக்க இருபது நிமிடம் ஆகும். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், தலையைத் திருப்பும், துப்பும், தண்ணீர் கேட்கும், பிறகு மறுபடி வாய் திறக்கும். முப்பது பேரில் எட்டுப் பேர் இரண்டு வயதுக்குள் என்றால், ஊட்டுவதற்கு மட்டுமே இரண்டு மணி நாற்பது நிமிடம் வேண்டும். அதற்குள் இரண்டு பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட வேண்டியிருக்கும், ஒன்று அழும், இன்னொன்று தண்ணீர் வாளியை எட்டிப் பிடித்து நிற்கும். ஓர் ஆயாவால் இது முடியாது. எவ்வளவு பொறுமைசாலி ஆனாலும் முடியாது. ஆகவே அவர் குறுக்குவழி தேடுகிறார். எட்டுப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே தட்டில், ஒரே கரண்டியில் ஊட்டுகிறார். கால் கழுவிவிட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைகிறார். பெரிய பிள்ளைகளை டி.வி. முன்னால் உட்காரவைக்கிறார். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், அதன் பிறகும் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. ஓர் ஆயா மட்டும் உள்ள காப்பகத்தில் அந்த ஒரு மணி நேரம் சாப்பாடு பரிமாறும்போதே தீர்ந்துவிடும்.

ஒரே கரண்டியின் விளைவு அந்த வாரமே தெரியும். திங்கட்கிழமை ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், வியாழனுக்குள் அது பக்கத்துப் பாய்களுக்கும் பரவியிருக்கும். தாய் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு உட்காருகிறார், கூலி போகிறது. அவர் காப்பகத்துக்கு வந்து சண்டை போடுவதில்லை. அடுத்த மாதம் பிள்ளையை அனுப்புவதில்லை, அவ்வளவுதான். காரணத்தைக் குழாயடியிலும், தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பிலும் சொல்லிவிடுகிறார். "மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறார்கள்" என்ற பேச்சு எல்லாக் காப்பகத்துக்கும் பொருந்தாது; ஆனால் ஆள் போதாத அறையில்தான் அந்தச் சந்தேகமும் முளைக்கிறது, அந்தச் சபலமும் முளைக்கிறது. சளி சிரப்பில் தூக்கம் வரவழைக்கும் மருந்து உண்டு. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. பெற்றோர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு மருந்தும் கூடாது என்பதை ஒவ்வொரு காப்பகமும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தை ஒட்டி மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல், மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர், அதற்கு மேற்பட்ட இருபது பிள்ளைகளுக்கு ஒருவர், கூடவே உதவியாளர் என்றது. ஏழைத் தாய்மார்களுக்காக நடத்தப்பட்ட தேசியக் காப்பகத் திட்டத்திலேயே 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருந்தார்கள். இவை குறைந்தபட்ச அளவுகள். கைக்குழந்தைகள் இருக்கும் இடத்தில் பத்துக்கு ஒருவர் என்பதும் குறைவுதான். நான்குக்கு ஒருவர் இருந்தால்தான் பிள்ளையின் முகம் பார்த்து ஊட்ட முடியும்.

இனி லாபம். மாதக் கட்டணம் 2,500 ரூபாய், கூடுதல் ஆயாவின் சம்பளம் 10,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஓர் ஆயாவின் செலவு நான்கு பிள்ளைகளின் கட்டணம். ஒரு வயதில் சேரும் பிள்ளை நான்கு வயதுவரை இருந்தால் 36 மாதத்தில் 90,000 ரூபாய் தருகிறது. மூன்றாம் மாதமே நின்றுபோனால் கிடைப்பது 7,500. அந்தப் பிள்ளையின் தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை வராமல் போவது இந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், அதே ஆண்டில் வயிற்றுப்போக்கால் நின்ற இரண்டு பிள்ளைகளிடமே 1,65,000 இழக்கும் தொழிலை லாபம் என்று சொல்வது கூட்டல் கழித்தல் தெரியாத பேச்சு.

கூடுதலாக ஒருவர் இருந்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களில் மட்டும் அரை நாள் வேலைக்கு இன்னொருவரைச் சேர்த்தார்கள். கட்டடம் மாறவில்லை, பொம்மை வாங்கவில்லை. முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதம் கழித்து, அந்த மையப் பிள்ளைகள் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்க அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் இது பெரிய முன்னேற்றம். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் கடுமையான ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளும் குறைந்தார்கள். ஏ.சி. பொருத்துவதா, ஆள் சேர்ப்பதா என்று குழம்பும் முதலாளிக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

இதே கணக்கோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பேச்சு: "பிள்ளை பெற்று வளர்த்தவருக்குப் பயிற்சி எதற்கு?" தேனியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டத்தில்தான் 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அதன் பணியாளர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே. ஆனாலும் பயிற்சி கொடுத்த பிறகுதான் தராசைக் கையில் கொடுத்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள். தாயின் கண்ணுக்குத் தெரியாத தேக்கத்தை எடை அட்டை காட்டியது.

பயிற்சி தேவை என்பதற்குப் பன்னீர் திராட்சை இன்னொரு சாட்சி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் கிடைக்கும். எந்த வீட்டிலிருந்தும் ஒரு கொத்து காப்பகத்துக்கு வந்துவிடும். உருண்டையான, வழுக்கும், விதையுள்ள முழுத் திராட்சை இரண்டு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அச்சாக அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக வெட்டி, விதை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். அடைத்துக்கொண்டால், வாய்க்குள் விரல் விட்டுத் துழாவுவது பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம். அது பழத்தை இன்னும் உள்ளே தள்ளும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் தலை தாழக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி மார்பில் ஐந்து அழுத்து என்பது முறை. பெற்றதால் மட்டும் இது வந்துவிடாது. கையில் பொம்மை கொடுத்துப் பழக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பழக்க வேண்டும்.

பழகிய ஆயாவை நிறுத்திவைப்பது அடுத்த வேலை. தோட்டத்துக் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தால், ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமானதும் அவர் ஜீப் ஏறிவிடுவார். கைக்குழந்தை ஒரு முகத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகு அந்த முகம் காணாமல் போனால், தூக்கமும் சாப்பாடும் கெடும். சம்பளத்தோடு வார விடுப்பும், ஆயாவின் சொந்தப் பிள்ளைக்கு அதே காப்பகத்தில் இலவச இடமும் கொடுப்பது செலவு குறைந்த, பலன் நிச்சயமான வழி.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. "எழுதவைக்காவிட்டால் பெற்றோர் வரமாட்டார்கள்" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் நாலு வரி நோட்டைத் திணிக்கிறார்கள். அந்த வயதில் விரல்களுக்குத் தேவை களிமண், மணல், கோக்கத் தகுந்த பெரிய மணி. பெற்றோரை உள்ளே அழைத்து அரை மணி நேரம் உட்காரவைத்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

"மாண்டிசோரி என்று பலகை வைத்தால் கூட்டம் வரும்" என்பது அடுத்தது. அந்தப் பெயர் யாருடைய தனியுரிமையும் இல்லை. யாரும் எழுதிக்கொள்ளலாம் என்பதால் பலகை எதற்கும் சான்று ஆகாது. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் சான் லோரென்சோவில் திறந்த முதல் இல்லம், வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்கானது. 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பெயரை எழுதுபவர் முதலில் அந்தப் பயிற்சியை முடிக்கட்டும்.

"உரிமம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களிடம் பொறுமை காட்டத் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கென 2015-ல் தனி விதித்தொகுப்பு வந்தது. தரைத்தளம், இரண்டு வாசல், அறையிலிருந்து தள்ளிய அடுப்பு, கூரையில் கீற்று இல்லாமை: இவை இல்லாத இடத்தில் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்கக் கூடாது.

"பாட்டி இருக்கும் ஊரில் காப்பகம் ஓடாது" என்பவர்கள் காலையில் போடியிலோ தேவாரத்திலோ கோம்பையிலோ நின்று பார்க்க வேண்டும். பாட்டியும் ஜீப்பில்தான் இருக்கிறார். இருட்டு பிரியும் முன்பே தூக்குவாளியோடு பெண்கள் ஏறுகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்புகிறார்கள். பால்வாடி திறக்கும்போது அவர்கள் மலை ஏறி முடித்திருப்பார்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே காப்பகம் பற்றிப் பேசிவிட்டது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்றது. தினம் ஒரு தோட்டம் மாறும் கூலிப்பெண்ணுக்கு அதனால் பயன் இல்லை. கைக்குழந்தையைக் கொண்டை ஊசி வளைவுகளில் நெரிசலான ஜீப்பில் கொண்டுபோகவும் கூடாது. காப்பகம் அவர் ஊரில், ஜீப் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே "வளர்ச்சி என்றால் இரண்டாவது கிளை" என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியதுதான். முதல் மையத்தில் ஓராண்டாவது பொறுப்பாளராக இருந்து, முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் நடத்திக் காட்டியவர் ஒருவர் இல்லாமல் கிளை திறப்பது ஆபத்து. இருக்கும் மையத்தின் நேரத்தை நீட்டுவதே இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருந்தும் வளர்ச்சி. ஐந்து மணிக்கு இருவர், ஒன்பதுக்கு இருவர் என்று முறை மாற்றினால், வாடகை கூடாமல் புதிய பிள்ளைகள் சேர்வார்கள். விடியலில் வரும் பிள்ளை தூக்கம் கலையாமல் வந்து படுக்கப் பாயும், எழுந்ததும் கஞ்சியும் தயாராக இருக்க வேண்டும். வாரக் கூலி வாங்கும் தாயிடம் மாதக் கட்டணம் கேட்டால் பாக்கி விழும். கூலி கைக்கு வரும் நாளிலேயே வாரக் கட்டணம் வாங்கினால் விழாது.

அந்தக் கட்டணம் மட்டும் விடியல் முறையின் சம்பளத்துக்குப் போதாது என்றால், அருகிலுள்ள வேலை கொடுப்பவர்களிடம் போக வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்ற மகப்பேறு நலச் சட்டக் கடமை, 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. தனியாகக் கட்டாமல் பொது வசதியாகவும் அதைச் செய்யலாம். தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலைகளும் பெரிய கடைகளும் மருத்துவமனைகளும் தங்கள் பெண் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டு மாதத் தொகை கொடுத்தால், கூடுதல் ஆயாக்களின் சம்பளம் அதிலேயே நின்றுவிடும்.